சுகாதாரத் தலைமைக்கு யார் தகுந்தவர்?



ஒரு தேசத்தின் பொதுச் சுகாதாரத்துக்குத் தலைமை தாங்குபவருக்கு எவ்வித யோக்கியதாம்சங்கள் வேண்டும் என்பது, மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்கு, அரசர்களும் அமைச்சர்களும் தமக்குள் ஆலோசித்துத் தீர்மானித்துக்கொள்ள வேண்டிய விஷயமாகத் தோன்றலாம். ஆயினும், மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கினர் வெளிநாட்டவராகவும், அவர்களுள் இந்தியர் மட்டுமே 35 லட்சத்துக்கு மேற்பட்டவராகவும் இருக்கின்ற இந்த ஐக்கிய அரபு அமீரகத்தில், அந்த நியமனத்தில் ஒரு சொல்லும் சொல்ல உரிமையில்லாத நம்மவருடைய உயிரும் ஆரோக்கியமுமே அதன் விளைவைப் பெரும்பாலும் அனுபவிக்கின்றன. ஆதலால், நாம் வாழும் இந்த வளைகுடா நாடுகளின் அண்மைக்கால வரலாற்றிலிருந்தே சான்றுகளை எடுத்துக்கொண்டு, இந்த விஷயத்தை இன்று சிறிது நிதானமாக விசாரிக்க விரும்புகிறேன்.

சுகாதாரத் தலைமை என்பது எந்த நாட்டிலும் ஒரே நாற்காலியில் அடங்கிவிடுவதில்லை. கொள்கை வகுத்துப் பொருள் ஒதுக்குகின்ற அமைச்சர் ஒருவர். நோயின் நடமாட்டத்தைக் கண்காணித்து, சாஸ்திர முறைப்படி ஆலோசனை கூறி, அதனை நிறைவேற்றுகின்ற தலைமை அதிகாரி மற்றொருவர். அமீரகத்திலோ, 2016-இல் சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு அமைச்சகம் என்று பெயர் மாற்றம் பெற்ற மத்திய அமைச்சகம் ஒன்றிருக்க, துபாய்க்கும் அபுதாபிக்கும் தனித்தனிச் சுகாதார நிர்வாகங்கள் உள்ளன. எனவே, நான் தலைமை அதிகாரி என்று சொல்லும்போது ஒரு குறிப்பிட்ட பதவிப் பெயரைக் கருதவில்லை. கொள்ளைநோய் ஒன்று வந்தால் எவருடைய சொல்லைக் கேட்டு நாடு நடக்கவேண்டுமோ அவரையே கருதுகிறேன்.

புகழ்பெற்ற மருத்துவரே இப்பதவிக்கு ஏற்றவர் என்பது உலகெங்கும் நிலவிவரும் அபிப்பிராயம். பல்லாயிரம் பேருக்குச் சிகிச்சை அளித்தவருக்கு ஒரு நாட்டுக்குச் சிகிச்சை அளிக்கத் தெரியாதா என்று கேட்பது நியாயமாகவும் தோன்றுகிறது. இந்த அபிப்பிராயத்தைப் பரீக்ஷித்துப் பார்ப்பதற்கென்றே அமைந்தது போல, ஒரே துறையில் ஒரே அரிய சிகிச்சையால் பிரசித்தி பெற்ற இருவர், ஒருவர் அமெரிக்காவிலும் ஒருவர் சவூதி அரேபியாவிலும், தத்தம் நாட்டின் சுகாதாரத் தலைமையை ஏற்றிருக்கின்றனர். இருவரும் குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சை நிபுணர்கள்; உடல் ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தைகளைப் பிரித்தெடுப்பதில் இருவருமே பேர்பெற்றவர்கள்.

முன்னவர் எவரெட் கூப். பிலடெல்பியா நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தலைமை அறுவை நிபுணராக இருந்தவர். அதிபர் ரீகன் அவரை நாட்டின் தலைமைச் சுகாதார அதிகாரியாக நியமிக்க முற்பட்டபோது, அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் அதனை எதிர்த்தது. பொதுச் சுகாதாரத்தில் பயிற்சியில்லாதவர், சமய நம்பிக்கையின் வேகத்தால் நியமனம் பெறுபவர் என்ற குறைகள் கூறப்பட்டன. குறை கூறியவர்களிடம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் 1982 முதல் 1989 வரை அப்பதவியில் இருந்த கூப், தமக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கற்றுக்கொண்டார். எய்ட்ஸ் நோயைப் பற்றி வாய் திறக்கவே அரசாங்கத்தார் கூசிய காலத்தில், 1986-இல் தம் பெயரால் தெளிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டார். 1988-இல் அந்நோயைப் பற்றிய துண்டு வெளியீடு பத்துக் கோடிக்கு மேற்பட்ட அமெரிக்க வீடுகளுக்குத் தபாலில் சென்றது. அவரை நியமித்த கட்சியினரில் பலர் மனம் வருந்தினர். எதிர்த்தவர்களில் பலர் பின்னர் அவரைப் போற்றினர்.

பின்னவர் டாக்டர் அப்துல்லா அல் ரபீஆ. 1990 முதல் ஒட்டுப்பிறவிக் குழந்தைகளைப் பிரிக்கும் சிகிச்சையைச் சவூதி அரேபியாவில் நடத்திப் பல நாட்டுப் பெற்றோரின் கண்ணீரைத் துடைத்தவர். 2009-இல் சுகாதார அமைச்சரானவர். அவருடைய கைத்திறனையோ கருணையையோ ஐயுற எவருக்கும் காரணமில்லை. உலகெங்கும் புதுவகை இன்ஃபுளுவென்சா பரவிய அந்த ஆண்டில், ஹஜ் யாத்திரை பெருங்கேடின்றி நடந்தேறியதும் அவர் பதவிக் காலத்திலேதான். இருந்தும், 2014 ஏப்ரல் 21 அன்று, மெர்ஸ் என்னும் சுவாச நோய் ஜித்தா நகர மருத்துவமனைகளில் வேகமாகப் பரவிக்கொண்டிருந்த வேளையில், மன்னர் ஆணையால் அவர் பதவியினின்று விடுவிக்கப்பட்டார்.

அந்த மெர்ஸ் நோயின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். என் கருத்து முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது. 2012 ஜூன் மாதத்தில் ஜித்தாவிலுள்ள மருத்துவமனை ஒன்றில் அறுபது வயதான ஒருவர் நுரையீரல் நோயால் இறந்தார். அங்கே பணியாற்றிய எகிப்து நாட்டு நுண்ணுயிரியல் அறிஞர் அலி முகமது ஸாகி, அந்நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியில் அதுவரை அறியப்படாத ஒரு கொரோனா வைரஸ் இருப்பதைக் கண்டார். நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் நகரிலுள்ள எராஸ்மஸ் மருத்துவ மையத்தின் துணைகொண்டு அதனை உறுதிசெய்து, செப்டம்பரில் உலகத்துக்கு அறிவித்தார். அவ்வாறு அறிவித்தபின் அவர் வேலையை இழந்து எகிப்துக்குத் திரும்பியதாக அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. ஒட்டகங்களோடு அந்த நோய்க்குள்ள தொடர்பு பின்னர் தெரியவந்தது. அதைவிட முக்கியமானது, சவூதியின் அல் அஹ்ஸா பகுதியில் 2013-இல் 23 பேருக்கு, பெரும்பாலும் சிறுநீரக டயாலிசிஸ் பிரிவு போன்ற மருத்துவமனைப் பிரிவுகளில், நோய் தொற்றியதை ஆராய்ந்தபோது தெரியவந்த செய்தி: நோயை வளர்த்த இடம் பாலைவனத்து ஒட்டகக் கொட்டில் அன்று, மருத்துவமனையே.

2014 வசந்த காலத்தில் அதே நிலைமை ஜித்தாவில் பெரிய அளவில் நேர்ந்தது. நோயுற்றோரில் கணிசமானோர் செவிலியரும் மருத்துவமனைப் பணியாளரும் ஆவர். ஜூன் 3 அன்று சவூதி அரசாங்கம் பழைய பதிவேடுகளை மறுபரிசீலனை செய்து வெளியிட்ட செய்தியில், அதுவரை கணக்கில் சேராத 113 நோயாளிகள் கூடுதலாகக் கண்டறியப்பட்டதாகவும், மொத்தம் 688 பேர் நோயுற்று அவர்களில் 282 பேர் இறந்ததாகவும் கூறப்பட்டது. அதற்கு முந்தின நாள், பொதுச் சுகாதாரப் பொறுப்பை வகித்த துணை அமைச்சர் டாக்டர் ஸியாத் மேமிஷ் பதவியிழந்தார். அவரோ அறுவைச் சிகிச்சையிலிருந்து வந்தவர் அல்லர். தொற்றுநோய் இயலில் உலகம் மதிக்கும் நிபுணர், ஹஜ் போன்ற பெருங்கூட்டங்களின் மருத்துவத்தை ஒரு தனித்துறையாக வளர்த்தவர்களுள் ஒருவர். அமைச்சர் பொறுப்பைத் தற்காலிகமாக ஏற்ற ஆதில் ஃபகீஹ், தொழிலாளர் அமைச்சராகவும் அதற்குமுன் ஜித்தா நகரின் மேயராகவும் இருந்தவர், மருத்துவரே அல்லர். எல்லா மருத்துவமனைகளின் செய்தியும் ஒருங்கே வந்து சேரும் கட்டுப்பாட்டு மையம் ஒன்று அவர் காலத்தில் அமைந்தது.

இவ்வரலாற்றிலிருந்து, அறுவை நிபுணர் வேண்டாம், தொற்றுநோய் நிபுணரும் வேண்டாம், நிர்வாகி ஒருவரே போதும் என்று முடிவு கட்டுவோர் உண்டு. அவர்களுக்குத் துணையாக வேறு சில உதாரணங்களும் கிடைக்கும். கோவிட் காலத்தில் சவூதி அரேபியாவின் சுகாதார அமைச்சராயிருந்து, 2020-ஆம் ஆண்டின் ஹஜ்ஜை உள்நாட்டில் வசித்தோரில் மிகச் சிலரோடு நடத்திமுடித்த தவ்ஃபீக் அல் ரபீஆ கணினித் துறையில் பட்டம் பெற்றவர். அமீரகத்தில் அப்போது அமைச்சராயிருந்த அப்துர் ரஹ்மான் அல் உவைஸ் முன்னர் பண்பாட்டு அமைச்சராக இருந்தவர். கத்தாரில் 2016 முதல் 2024 வரை அமைச்சராயிருந்த ஹனான் அல் குவாரி சுகாதார நிர்வாகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். உலக சுகாதார நிறுவனத்துக்கே 2017-இல் முதன்முறையாக மருத்துவரல்லாத ஒருவர், டெட்ரோஸ், தலைமை இயக்குநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயினும் அந்த முடிவு எனக்கு உடன்பாடன்று. மருத்துவ சாஸ்திரம் அறியாத அமைச்சர் வெற்றி பெற்ற இடங்களிலெல்லாம், அறிந்த ஒருவர் அவர் அருகிலிருந்து பேச உரிமை பெற்றிருந்தார். அமீரகத்தில் கோவிட் காலத்துச் செய்தியாளர் கூட்டங்களில் டாக்டர் ஃபரீதா அல் ஹொசனி அமைதியான குரலில் அறிக்கை வாசித்ததை நம்மில் பெரும்பாலோர் கேட்டிருக்கிறோம். தொற்றுநோய்த் துறையிலேயே பணிபுரிந்து வளர்ந்தவர் அவர்.

பட்டத்தைக் கொண்டு மட்டும் அளந்தால் கூப் தோற்றிருக்க வேண்டும். மேமிஷ் வென்றிருக்க வேண்டும். நடந்ததோ அவ்வாறன்று. வேறுபாடு எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும்போது, மருத்துவன் ஒருவனுடைய கவனம் முழுவதும் தன் எதிரே வந்து நிற்கும் நோயாளிமீது படியுமாறு பல ஆண்டுகள் பழக்கப்படுத்தப்படுகிறது என்பதும், சுகாதாரத் தலைவரின் கடமையோ எதிரே வராத நோயாளியைக் காண்பதில் தொடங்குகிறது என்பதும் புலனாகின்றன. வராதவன் ஏன் வரவில்லை, எங்கே இருக்கிறான், எத்தனை பேர் அவனைப்போல் இருக்கிறார்கள், அவர்கள் பதிவேட்டில் ஏறியிருக்கிறார்களா என்று ஓயாமல் கேட்பவரே இந்தப் பதவிக்கு உரியவர். கண்ட எண்ணிக்கையை, அது மேலிடத்துக்கு எவ்வளவு கசப்பானதாயினும், உள்ளபடி உரைப்பது அதன் மறுபாதி. சவூதி அரேபியாவின் கணக்கில் விடுபட்ட 113 பேர் எந்த அறுவைச் சிகிச்சை மேசைக்கும் வராதவர்கள். தபாலில் அனுப்பிய அந்தத் துண்டு வெளியீட்டைக் கூப் எழுதியதும் தம் மருத்துவமனைக்கு ஒருபோதும் வராத கோடிக்கணக்கானோருக்காகவே.

இந்தக் கண் இயற்கையாக வாய்ப்பதில்லை, பயிற்சியால் வருவது. இதனை நம் சென்னை மாகாணம் வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு. நோய் தீர்க்கும் துறையினின்று நோய் தடுக்கும் துறையைப் பிரித்து, அதற்கெனத் தனி இயக்குநரை வைத்துக்கொண்டது அது. ராஜாஜியின் மந்திரிசபையில் சுகாதார அமைச்சராயிருந்தவர் திருச்சி டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன். 1939-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே அவ்வகையில் முதலாவது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் பொதுச் சுகாதார அலுவலராகப் பதவி உயர வேண்டுமானால் மருத்துவப் பட்டத்துக்கு மேலே பொதுச் சுகாதாரத்தில் தனியாகப் படித்துத் தேறவேண்டும். கிணற்று நீரையும் கொசு முட்டையையும் பரிசோதித்துக்கொண்டே மாவட்டம் மாவட்டமாகப் பணியாற்றி வந்தவரே இயக்குநர் நாற்காலியை அடைகிறார். வெள்ளம் வந்தாலும் சுனாமி வந்தாலும் அடுத்த நாளே குளோரின் தூளோடு தெருவில் இறங்குகின்ற அந்தப் பழக்கம் இந்த ஏற்பாட்டின் பயன். பெரிய மருத்துவமனைகளை வியக்கத்தக்க வேகத்தில் எழுப்பிய வளைகுடா நாடுகள், இத்தகைய அதிகாரிகளின் வரிசை ஒன்றை வளர்ப்பதில் இன்னும் அதிகச் சிரத்தை காட்டவேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. ஓமன் இதற்கு ஓரளவு வழிகாட்டுகிறது. 1970-இல் அமெரிக்கப் பாதிரிமாரின் சிறு மருத்துவமனைகளைத் தவிர ஏறக்குறைய வேறொன்றும் இல்லாதிருந்த அந்நாடு, ஊர்தோறும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் தடுப்பூசியையும் கொண்டு சென்றதனால், 2000-ஆம் ஆண்டின் உலக சுகாதார அறிக்கையில் ஒட்டுமொத்தச் செயற்பாட்டில் எட்டாமிடம் பெற்றது.

இனி, இந்நாடுகளில் எதிரே வராத நோயாளி யார் என்று பார்ப்போம். சோனாப்பூரிலும் அல் கூஸிலும் முசஃபாவிலும் லேபர் கேம்ப் அறைகளில் அடுக்குக் கட்டில்களில் உறங்கி, விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் ஏறுகின்ற நம் சகோதரனே அவன். ஊரில் மெடிக்கல் எடுக்கும்போதே, அன்ஃபிட் என்ற ஒரு சொல் தன் குடும்பத்தின் கடனையும் நிலத்தையும் தீர்மானித்துவிடும் என்று அஞ்சக் கற்றுக்கொண்டவன். இங்கு வந்தபின் இருமினாலும் காய்ச்சலடித்தாலும் அதை மறைப்பதே அவனுக்கு முதலில் தோன்றுகிறது. தொற்றுநோய்களைத் தடுக்க நாட்டுக்குள் வருவோரைப் பரிசோதிக்கும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு. ஆனால் பரிசோதனையின் விளைவு நாடு கடத்தல் ஒன்றே என்றாகிவிட்டால், நோய் நாட்டைவிட்டுப் போவதில்லை; கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. 2016-இல் அமீரகம் காசநோய் விஷயத்தில் விதியைத் தளர்த்தி, விசா புதுப்பிக்க வரும்போது அந்நோய் கண்டறியப்பட்டவர்க்குச் சிகிச்சை அளித்து நிபந்தனையோடு தகுதிச் சான்று வழங்க இடம் கொடுத்தது. அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தவர்களை நான் மனமார வாழ்த்துகிறேன். தளர்த்தியதனால் பாதுகாப்பு குறையவில்லை, கூடியது என்பதை அமைச்சரவைக்கு எடுத்துரைக்க வல்லவர் ஒருவர் வேண்டும். அது மருத்துவக் கல்லூரியில் மட்டும் கற்கக்கூடிய திறமை அன்று.

மலேரியா விஷயத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். இந்நாட்டு மண்ணிலேயே தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 1997-இல் பதிவானார். 2007-இல் உலக சுகாதார நிறுவனம் அமீரகத்தை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. நம் நாட்டிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் நோயோடு வந்து இறங்குவோர் ஆண்டுதோறும் உண்டு. அவர்கள் ஒவ்வொருவரையும் தேடிக் கண்டு, மருந்து கொடுத்து, அவர்கள் வசிக்குமிடத்தைச் சுற்றிக் கொசுவைக் கண்காணித்ததனால்தான் அந்தச் சான்று கிடைத்தது, நிலைத்தும் நிற்கிறது. கோவிட் காலத்தில் இந்தப் பாடத்தை உலகம் மறுபடியும் கடினமான வழியில் கற்றது. சிங்கப்பூரில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர், அவர்களுள் தமிழர் பலர், தங்கியிருந்த விடுதிகளில் 2020-இல் அந்நோய் பரவியபோது, திறமைக்குப் பேர்போன அந்த அரசாங்கமே திகைத்தது. துபாயில் அதே ஆண்டு மார்ச் இறுதியில் நம் வியாபாரிகள் நிறைந்த அல் ராஸ், நயிஃப் பகுதிகள் அடைக்கப்பட்டபோது, அறிவிப்பு எந்த மொழியில் வந்தது, அறையில் இருப்பவனுக்குச் சோறு யார் கொண்டுவருவார், சம்பளம் பிடிக்கப்படுமா என்ற கேள்விகளே மருந்தைவிட முந்தி நின்றன. தமிழிலும் மலையாளத்திலும் உருதுவிலும் நேபாளியிலும் வங்காளியிலும் நாட்டு மக்களோடு பேச ஏற்பாடு செய்யாத சுகாதாரத் தலைவர், இங்கே பாதிப் பேருக்கு மேல் ஊமையாகவே இருப்பார்.

சுகாதாரத் தலைவர் தம் துறைக்கு வெளியே செல்வாக்குப் பெற்றிருக்கவேண்டும் என்பதற்கும் இந்நாடுகளே சான்று. கோடையில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 மணி முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை கூடாது என்ற அமீரகத்து விதி தொழிலாளர் துறையின் ஆணை. 2017 அக்டோபரில் குளிர்பானங்களுக்கு 50 சதவிகிதமும் புகையிலைக்கு 100 சதவிகிதமும் வரி விதித்தது நிதித்துறை. நீரிழிவு நோய் வீட்டுக்கு வீடு புகுந்திருக்கும் இப்பகுதியில், இவ்வரிகள் பல மருத்துவமனைகளுக்கு ஈடான காரியங்கள். வெயில் விஷயத்தில் கத்தார் 2021-இல் ஒரு படி மேலே சென்று, கடிகாரத்தை மட்டும் நம்பாமல், வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றையும் வெயிலையும் சேர்த்து அளக்கும் கருவி 32.1 பாகையைக் கடந்தால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்தவேண்டும் என்று விதித்தது. ஆகஸ்ட் மாதத்து இரவில் கடற்கரையோரக் கட்டடத்தில் கம்பி கட்டுகிறவனுக்கு நடுப்பகல் ஓய்வினால் மட்டும் என்ன பயன் என்று கேட்டுப்பார்த்தவர் எவரும் இதன் நியாயத்தை உணர்வர். மற்ற வளைகுடா நாடுகளிலும் இவ்விதி வரவேண்டுமானால், கட்டட முதலாளிகளும் மற்ற அமைச்சர்களும் அமர்ந்திருக்கும் சபையில் எழுந்து நின்று பேசக்கூடிய அந்தஸ்து சுகாதாரத் தலைவருக்கு வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மரணப் பதிவேட்டை அவர் தம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். 1854-இல் லண்டனில் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் பிராட் தெருவின் குழாய்தான் காலராவுக்குக் காரணம் என்று நிறுவுவதற்கு அவர் நாடிச்சென்றது பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் இருந்த இறந்தவர் பட்டியலையே. இங்கோ, இரவில் கேம்ப்பில் படுத்த முப்பது வயது இளைஞன் காலையில் எழாவிட்டால், அவனுடைய சான்றிதழில் பெரும்பாலும் இதயம் நின்றது என்றோ இயற்கை மரணம் என்றோ எழுதப்படுகிறது. இதயம் நில்லாத மரணம் உலகத்தில் இல்லை. அது மரணத்தின் வருணனையே ஒழியக் காரணம் அன்று. சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் கத்தாரின் பதிவுகளை ஆராய்ந்து, 2020-இல் 50 தொழிலாளர் வேலையின் காரணமாக இறந்ததாகவும் 500-க்கு மேற்பட்டோர் கடுமையாகக் காயமுற்றதாகவும் 2021 நவம்பரில் அறிவித்தபோது, இயற்கை மரணம் என்று எழுதப்பட்டவற்றைத் தீர விசாரிக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது.

ஆகவே என் வேண்டுகோள் மிகச் சிறியது. வேலை செய்யும் வயதில் இறக்கும் ஒவ்வொரு வெளிநாட்டுத் தொழிலாளியின் சான்றிதழிலும், மருத்துவக் காரணத்தோடு, கடைசி மூன்று நாட்களில் அவர் செய்த வேலை என்ன, எத்தனை மணி நேரம் செய்தார், அந்நாட்களின் வெப்ப அளவு என்ன என்று எழுதுவதற்கு இடம் ஒதுக்கப்படவேண்டும். காரணம் விளங்காதபோது, குடும்பத்தாரின் சம்மதம் பெற்று, அவர்களுக்குச் செலவின்றிப் பிரேதப் பரிசோதனை செய்யப்படவேண்டும். அந்தச் சான்றிதழின் பிரதி ஒன்று சவப்பெட்டியோடு திருச்சி விமான நிலையத்தில் நின்றுவிடாமல், சென்னைத் தேனாம்பேட்டையிலுள்ள பொதுச் சுகாதார இயக்குநரகத்துக்கும் செல்லவேண்டும். இங்குள்ள தலைமை அதிகாரியும் அங்குள்ள இயக்குநரும் ஆண்டுக்கொரு முறை அவற்றை ஒன்றாக வைத்துப் படிக்க இணங்குவார்களாயின், அந்தப் படிப்பை எங்கே தொடங்கலாம் என்று காட்டுவதற்குத் தமிழ்நாட்டின் கிராமங்களில் எத்தனையோ தாய்மார் அத்தாள்களைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கின்றனர்.